பச்சை காட்டினால் மட்டும் போதாது: என் எம்எக்ஸ்-5-க்கு வீல் அலைன்மென்ட் செய்த அனுபவம்

என்னிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5, 1998 முதல் 2005 வரை தயாரான இரண்டாம் தலைமுறை மாடல். பழைய கார்தான். ஆனால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது, என்று வந்தால் இன்றைய பல கார்களில் இல்லாத வசதி இதில் உண்டு. நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும். கீழ் ஆர்மைச் சட்டத்தோடு பிடித்திருப்பவை எல்லாம் கேம் போல்ட்டுகள். திருப்பினால் ஆர்ம் உள்ளேயோ வெளியேயோ நகரும். அதனால் புதிதாக எந்த உதிரிபாகமும் வாங்காமல் முன்பக்கம் கேம்பர், காஸ்டர், டோ மூன்றையும், பின்பக்கம் கேம்பர், டோ இரண்டையும் மாற்றலாம். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். காஸ்டர் என்பது பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங்குக்குச் சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் கோணம். டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது; முன்விளிம்பு உள்ளே பார்த்தால் டோ-இன், வெளியே பார்த்தால் டோ-அவுட். சாதாரணக் கார்கள் பலவற்றில் முன்பக்க டோவைத் தவிர வேறு எதையும் தொடவே முடியாது.

எனக்கு இருந்த தொல்லை இரண்டு. நேரான சாலையில் போகும்போதே ஸ்டீயரிங் சற்று வலப்பக்கம் திரும்பி நிற்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நீளமான இடது வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே நழுவப் பார்க்கும். அதே வேகத்தில் வலது வளைவில் கார் தண்டவாளத்தில் போவது போல இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பயமுறுத்தும் காரை எப்படி நம்பி ஓட்டுவது?

முதலில் எல்லா வகைக் காருக்கும் அலைன்மென்ட் செய்யும் ஒரு கடைக்குப் போனேன். ஸ்டீயரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டை ராடைத் திருப்பி ஸ்டீயரிங்கை நேராக்கினார்கள். அளவெடுக்கும் எந்திரத்தின் திரையில் எல்லாக் கட்டமும் பச்சை. இடது வளைவில் நழுவுவது மட்டும் அப்படியே இருந்தது. திரும்பப் போய், "பின்பக்கத்தையும் தொட வேண்டும், இந்த அளவுகளில் வையுங்கள்" என்று கேட்டேன். "பச்சையில இருக்கு சார், அதுக்கு மேல நாங்க எதுவும் பண்ண மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பார்வையில் அது சரியான பதில்தான். ஆனால் பச்சை என்றால் தயாரிப்பாளர் அனுமதித்த வரம்புக்குள் இருக்கிறது என்று மட்டுமே பொருள். அந்த வரம்பு அகலமானது. இடது சக்கரம் ஒரு ஓரத்திலும் வலது சக்கரம் மறு ஓரத்திலும் இருந்தால்கூட இரண்டும் பச்சையாகத்தான் தெரியும்.

அப்புறம் டிராக்கில் ஓடும் கார்களைத் தயார்செய்யும் ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்தேன். அங்கே இருந்த மெக்கானிக் எந்திரத்தின் பக்கமே போகவில்லை. முதலில் கேள்விகள்தான். டிராக்கில் ஓட்டுவீர்களா, சாலையில் மட்டுமா? என்ன டயர்? பெரும்பாலும் தனியாகவா, பக்கத்தில் ஆள் இருப்பாரா? காரைத் தாழ்த்தும் எண்ணம் உண்டா? கடைசிக் கேள்வி முக்கியமானது. உயரம் மாறினால் கேம்பரும் டோவும் கூடவே மாறும், ஆகவே ஸ்பிரிங் மாற்ற நினைப்பவர்கள் அதை முடித்துவிட்டுத்தான் அலைன்மென்டுக்கு வர வேண்டும் என்றார்.

பிறகு காரைத் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் ஆட்டிப் பார்த்தார். வீல் பேரிங், பால் ஜாயின்ட், டை ராட் முனை, ஆர்ம்களின் இணைப்பில் இருக்கும் ரப்பர் புஷ்கள். இவற்றில் ஆட்டம் இருந்தால் எவ்வளவு கச்சிதமாக அளவு வைத்தாலும் சாலையில் அது நிற்காது. எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. பின்பக்க வலது கீழ் ஆர்மின் கேம் போல்ட்டுகள் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தன. இந்த மாடலில் இது பலருக்கும் வரும் சிக்கல். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டும் அசையவில்லை. சூடு வைத்தால் ரப்பர் போய்விடும். கடைசியில் போல்ட்டை அறுத்து எடுத்து, புது போல்ட்டும் புது புஷ்ஷும் போட்டார்கள். மற்ற கேம் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துரு ஒட்டாமலிருக்க ஆன்டி-சீஸ் தடவி மாட்டினார்கள். மொத்த வேலையில் அதிக நேரமும் செலவும் பிடித்தது இதுதான். பழைய கார் வைத்திருப்பவர்கள் அலைன்மென்டுக்கு நாள் குறிக்கும் முன்பே போல்ட்டுகள் திரும்புகின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது.

அளவு எடுக்கும் நாளில் டயர் காற்றைச் சரிபார்த்தார், டேங்கில் பாதி எரிபொருள் இருக்கச் சொன்னார், ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்குச் சமமாக மணல் மூட்டைகளை வைத்தார். ஒரு டன்னைச் சுற்றிய எடையுள்ள காரில் ஓட்டுநரின் எடை சின்ன விஷயம் இல்லை. அவர் உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் தாழ்கிறது. முன்சக்கரங்களுக்குக் கீழே சுழலும் தட்டான டர்ன்டேபிள், பின்சக்கரங்களுக்குக் கீழே நழுவும் தட்டு. ரிம்மில் இருக்கும் கோணல் அளவில் கலக்காமலிருக்கக் காரை முன்னும் பின்னும் உருட்டினார். காஸ்டருக்காக ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பிக் கணக்கெடுத்தார்.

திரையில் வந்த எண்களைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. பின்பக்க இடது சக்கரம் 0.20 டிகிரி டோ-இன், வலது சக்கரம் 0.10 டிகிரி டோ-அவுட். அதாவது இரண்டு பின்சக்கரங்களும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. கார் நேராகப் போக முன்சக்கரங்களும் வலப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. ஸ்டீயரிங் கோணலாக நின்றதற்குக் காரணம் அது. முதல் கடையில் டை ராடைத் திருப்பியதில் ஸ்டீயரிங் நேரானதே தவிர, கார் உடம்பைக் கோணலாக வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இடது வளைவில் பின்பக்கப் பாரத்தில் பெரும்பகுதி வலது பின்சக்கரத்தில் இறங்கும். டோ-அவுட்டில் இருந்த சக்கரம் அதுவே. காலை எடுத்ததும் பாரம் முன்னால் போய்ப் பின்பக்கம் இலேசாகும் நேரத்தில் அது வெளியே இழுத்திருக்கிறது. இத்தனை நாள் என் ஓட்டும் விதத்தையும் டயரையும் சந்தேகித்துக்கொண்டிருந்ததற்கு ஒரே வரியில் பதில் கிடைத்தது.

எந்த அளவில் வைப்பது என்பதை இருவரும் உட்கார்ந்து பேசினோம். வளைவில் உடல் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் வெளியே சாயப் பார்க்கும். முன்கூட்டியே கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாயும்படி, கொடுத்தால் அந்த நேரத்தில் டயர் சாலையில் முழுதாகப் பதியும். அதிகம் கொடுத்தால் நேர்ச்சாலையில் உள்விளிம்பு தேயும், பிரேக் பிடிக்கும்போது பிடிமானமும் குறையும். கேம்பர் டயரைத் தின்றுவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் தின்பது தவறான டோதான். சாலையில் ஓட்டி, எப்போதாவது டிராக்குக்குப் போகும் எனக்கு முன்பக்கம் மைனஸ் 1.4 டிகிரி, பின்பக்கம் மைனஸ் 1.6 டிகிரி என்று முடிவானது. முன் டோ பூஜ்யம். டோ-அவுட் கொடுத்தால் ஸ்டீயரிங் இன்னும் சுறுசுறுப்பாகும், ஆனால் நெடுஞ்சாலையில் கார் அலையும். பின்பக்கம் சக்கரத்துக்கு 0.10 டிகிரி டோ-இன்.

அளவுகளை எழுதிக் கொடுக்கும்போது அலகையும் சேர்த்து எழுதுங்கள். சில எந்திரங்கள் டிகிரியைத் தசமத்தில் காட்டும், சில டிகிரியும் நிமிடமுமாகக் காட்டும். தசமத்தில் 1.30 என்பதும் 1 டிகிரி 30 நிமிடம் என்பதும் ஒன்றல்ல, பின்னது 1.5 டிகிரி. டோவை மில்லிமீட்டரில் சொன்னால் ஒரு சக்கரத்துக்கா மொத்தத்துக்கா என்பதும் வேண்டும். என் 195/50 ஆர்15 டயரின் விட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய 0.1 டிகிரி.

வேலை பின்பக்கத்திலிருந்து தொடங்கியது. கார் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைப் பின்சக்கரங்கள்தான் தீர்மானிக்கின்றன. முன்பக்கம் அதற்கு ஏற்ப அமைய வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு கேம் போல்ட்டுகள். இரண்டையும் சேர்த்து நகர்த்தினால் கேம்பர், ஒன்றை மட்டும் நகர்த்தினால் டோ. கேம்பரைப் பிடித்தால் டோ ஓடும், டோவைப் பிடித்தால் கேம்பர் ஓடும். போதாததற்கு, நட்டை இறுக்கும்போதே எண் மாறும். அவர் இறுக்குவார், திரையைப் பார்ப்பார், தளர்த்துவார், மறுபடி இறுக்குவார். இந்தப் பொறுமைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்று தோன்றியது. முன்பக்கம் கேம்பரும் காஸ்டரும் அதே இரண்டு போல்ட்டுகளைப் பங்குபோடுவதால் இரண்டையும் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது. இரு பக்கமும் 5 டிகிரியை ஒட்டிக் காஸ்டர் சமமாக இருந்தால் போதும் என்று விட்டோம். கடைசியாக ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி முன் டோ. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி அளந்தார். போல்ட்டுகள் நின்ற இடத்தைப் பெயின்ட்டால் குறியும் இட்டார்.

இப்போது இடது வளைவும் வலது வளைவும் ஒரே மாதிரி இருக்கின்றன. காலை எடுத்தால் முன்பக்கம் கொஞ்சம் உள்ளே வருகிறது, பின்பக்கம் அமைதியாகப் பின்தொடர்கிறது. புது புஷ்கள் படிந்த பிறகு ஒருமுறை அளந்து பார்த்தோம், பின் டோ அசையவில்லை. டிராக்கில் ஓட்டி நிறுத்தியதும் முன் டயரின் வெப்பத்தை உள்ளே, நடுவே, வெளியே என்று மூன்று இடத்தில் பார்த்தபோது வெளிவிளிம்புதான் அதிகச் சூடாக இருந்தது. கேம்பர் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிறது அது. அடுத்த முறை டயர் மாற்றும்போது முன்பக்கத்தை மைனஸ் 1.7-க்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். காஸ்டரில் கொஞ்சம் போகும். பரவாயில்லை.