மஞ்சள் முக்கோணம்

மின் சமிக்ஞைகளை அலைகளாகக் காட்டும் கருவியான அலைக்காட்டியின் பின்புறத்தில் யூஎஸ்பி கேபிளைச் செருகியதும் கணினி வழக்கம்போல் ஒலி எழுப்பியது. ஆனால் அளவீட்டு மென்பொருளின் கருவிப் பட்டியல் வெறுமையாகவே இருந்தது.

விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் அலைக்காட்டியின் மீது சிறிய மஞ்சள் முக்கோணம். உள்ளே "கோட் 28", அதாவது கருவியோடு கணினி பேச உதவும் மென்பொருளான டிரைவர் நிறுவப்படவில்லை.

கேபிளை மாற்றலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். மின்னூட்டத்துக்கு மட்டுமேயான கேபிளில் தரவுக் கம்பிகள் இருப்பதில்லை என்பதால், குறை அதிலிருந்தால் அந்த ஒலியே கேட்டிருக்காது.

ஆகவே கருவி தன்னை அடையாளம் காட்டும் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தேன். தயாரிப்பாளருக்கு நான்கு இலக்கம், கருவிக்கு நான்கு இலக்கம். அவற்றோடு இருந்த, கருவியின் வகையைச் சொல்லும் இணக்க ஐடிகளில்தான் விடை கிடைத்தது: கிளாஸ் எஃப்இ, துணை கிளாஸ் 03.

அது யூஎஸ்பிடிஎம்சி, சோதனை மற்றும் அளவீட்டுக் கருவிகளுக்கென வகுக்கப்பட்ட பிரிவு. லினக்ஸ் கெர்னலில் இதற்கான டிரைவர் உண்டு. விண்டோஸிலோ, அளவீட்டுக் கருவிகளோடு மென்பொருள்கள் பேச உதவும் விசா (VISA) நூலகத்தை நிறுவும்போதுதான் அது வந்து சேர்கிறது. ஒரு மணி நேரமாக நான் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்த மென்பொருளில் அது இல்லவே இல்லை.

இத்தகைய நேரத்தில் கையில் கிடைத்த பொதுவான டிரைவரைத் திணிப்பது தவறென்றே கருதுகிறேன். முக்கோணம் மறைந்துவிடும்; கருவியோ விசாவின் கண்ணில் படாமலே போகக்கூடும்.

விசாவை நிறுவி, கேபிளைக் கழற்றி மீண்டும் செருகி, கருவியின் அடையாளத்தைக் கேட்கும் "*ஐடிஎன்?" என்ற கட்டளையை அனுப்பினேன்.

தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு எனக் காற்புள்ளிகளால் பிரிந்த ஒற்றை வரியில் கருவி பதிலளித்தது. அந்த வரியை இருமுறை வாசித்தேன்.