கம்போடியாவுக்கு பென்சில் டப்பா தூக்கிட்டு போறவங்களுக்கு

எங்க அபார்ட்மென்ட் வாட்சாப் குரூப்புல ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, டிசம்பர்ல குடும்பத்தோட கம்போடியா போறோம், அங்க ரொம்ப ஏழ்மையாமே, குழந்தைங்களுக்கு பேனா பென்சில் சாக்லேட், அப்புறம் நம்ம பசங்களுக்கு சின்னதாப் போன டிரெஸ் எல்லாம் ஒரு பையில எடுத்துட்டுப் போலாமான்னு. உடனே நாலு பேர் கைகூப்புற எமோஜி போட்டு சூப்பர் ஐடியான்னுட்டாங்க. நான் பதில் டைப் பண்ண ஆரம்பிச்சு அது முடியவே இல்ல, அதான் இங்க எழுதுறேன்.

முதல்ல டிரெஸ் விஷயம். கம்போடியாவோட பெரிய ஏற்றுமதியே ரெடிமேட் துணிதான். உங்க பீரோவுல இருக்குற டிசர்ட் லேபிளை திருப்பிப் பாருங்க, மேட் இன் கம்போடியான்னு ஒண்ணு ரெண்டாவது இருக்கலாம். அத தைக்கிற பொண்ணுங்களுக்கு 2025ல குறைஞ்சபட்ச மாச சம்பளம் 208 டாலர். அந்த ஊருக்கு நாம பழைய டிசர்ட்டை எக்ஸ்ட்ரா லக்கேஜ் காசு கட்டி தூக்கிட்டு போறது திருப்பூருக்கு பனியன் பார்சல் அனுப்புற மாதிரி. பென்சில், நோட்டு எல்லாம் அங்க மார்க்கெட்டுலயே சல்லிசா கிடைக்குது. குடுக்கணும்னா அங்க வாங்குங்க, கடைக்காரருக்காவது வியாபாரம் ஆகும்.

ஆனா யாருக்கு குடுக்கறீங்கங்குறதுதான் பெரிய கேள்வி.

அங்கோர்ல இருக்குற பழைய ராஜா காலத்து கோயில்களுக்கு போனீங்கன்னா வாசல்ல குட்டிப் பசங்க போஸ்ட்கார்டு, காந்தம், வளையல்னு தூக்கிட்டு ஓடி வரும். ஒன் டாலர் ஒன் டாலர்னு ஒரு ராகம் இருக்கு. எந்த ஊருன்னு கேக்கும், இந்தியான்னு சொன்னா தலைநகரம் டெல்லின்னு டக்குனு சொல்லும், நாம சிரிச்சுட்டா முடிஞ்சது, பர்ஸ் தானா திறக்கும். பள்ளிக்கூடம் போகலையான்னு கேட்டா காலைல போயிட்டேன்னோ மத்தியானம் போவேன்னோ சொல்லும், அது பாதி நேரம் உண்மைதான், அங்க நிறைய அரசுப் பள்ளிகள்ல ஷிஃப்ட் முறை, அரை நாள்தான் வகுப்பு. பிரச்சனை என்னன்னா சின்னதா அழகா இருக்குற வரைக்கும்தான் அந்தக் குழந்தைகிட்ட ஆளுங்க வாங்குவாங்க. ஆறு வயசுல நல்லா சம்பாதிக்கும், பதிமூணு வயசுல யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, அதுக்குள்ள படிப்பு கைவிட்டுப் போயிருக்கும். குழந்தை கைக்கு காசு வர்ற வரைக்கும் அத வீதிக்கு அனுப்புறவங்களும் இருப்பாங்க. அங்க வேலை பாக்குற ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல்ங்குற அமைப்பு (1994ல தலைநகரம் புனோம் பென்ல தொடங்குனது) சைல்ட்சேஃப்னு ஒரு இயக்கமே நடத்துது, அவங்க டூரிஸ்டுக்கு சொல்றதும் இதான், குழந்தைகிட்ட வாங்காதீங்க, குழந்தை கையில குடுக்காதீங்க. கேக்க கல்நெஞ்சு மாதிரி இருக்கும். பக்கத்துலயே அதே காந்தத்தை விக்கிற அம்மா உக்காந்திருப்பாங்க, அவங்ககிட்ட ரெண்டா வாங்குங்க.

இப்ப நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு அறிவுரைக்கு வரேன். "காசா குடுக்காத, பொருளா வாங்கிக் குடு." எங்க அப்பா சொல்லுவார், உங்க அப்பாவும் சொல்லியிருப்பார். காசு குடுத்தா குடிச்சிருவான், இட்லி வாங்கிக் குடுத்தா பசி தீரும். நம்ம ஊர் டீக்கடை வாசல்ல அது சரியாவே இருக்கலாம். அங்கோர் பக்கத்து ஊரான சியம் ரீப்ல, டூரிஸ்டுங்க ராத்திரி கூடுற பப் ஸ்ட்ரீட்டுல இந்த அறிவுரையை வெச்சே ஒரு தொழில் நடக்குது. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு வரும், காலி பால் பாட்டிலைக் காட்டும், காசு வேணாம், பால்பவுடர் மட்டும் போதும்னு சொல்லும். காசு வேணாம்னு சொன்னதுமே நமக்கு உருகிடும், பாவம் உண்மையிலயே குழந்தைக்குதான் கேக்குதுன்னு. அதுவே ஒரு குறிப்பிட்ட கடைக்கு கூட்டிட்டுப் போகும், பெரிய டின்னா எடுக்கும், நீங்க டாலர்ல பில் கட்டிட்டு நிம்மதியா ஓட்டலுக்கு போவீங்க. கொஞ்ச நேரத்துல டின் திரும்ப அதே ஷெல்ஃபுக்கு வந்துரும், காசை கடையும் அந்தப் பொண்ணும் பிரிச்சுக்குவாங்க. சில சமயம் குழந்தையே வாடகைக் குழந்தைன்னும் சொல்றாங்க. நடுராத்திரி வரைக்கும் அந்தக் குழந்தை தெருவுல, சத்தத்துல, தூக்கம் இல்லாம. அந்தப் பொண்ணு மேல எனக்கு கோவம் வரல, அவ கைக்கு வர்ற பங்கு எவ்வளவோ. ஆனா நாம கட்டுன பில் அந்தக் குழந்தையை நாளைக்கும் தெருவுக்குக் கூட்டிட்டு வரும்.

டோன்லே சாப் ஏரியிலயும் இதே கதைதான், பால்பவுடருக்கு பதிலா அரிசி. மிதக்குற கிராமம் பாக்க படகுல கூட்டிட்டுப் போவாங்க, நடுவுல ஒரு கடைல நிறுத்தி, இங்க பள்ளிக்கூடத்துல அனாதைக் குழந்தைங்க இருக்காங்க, ஒரு மூட்டை அரிசி வாங்கிக் குடுங்கன்னு சொல்லுவாங்க. விலை கேட்டா ஊர் மார்க்கெட் விலைக்கு சம்பந்தமே இருக்காது. எங்க கூட வந்த மாமா ஒருத்தர், அரிசி மண்டி வெச்சிருந்தவர், மூட்டையை ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு தமிழ்லயே ஏதோ சொன்னார், இங்க எழுத முடியாது. அந்த ஏரில இருக்குறவங்க கஷ்டம் என்னவோ நிஜம். நிறைய பேர் வியட்நாமிய வம்சாவளி, தலைமுறை தலைமுறையா அங்கயே மீன் பிடிச்சாலும் குடியுரிமைக்கான பேப்பர் இல்லாதவங்க, பேப்பர் இல்லன்னா கரைல நிலம் வாங்குறதும் கஷ்டம், குழந்தையை பள்ளிக்கூடத்துல சேக்குறதும் கஷ்டம். அதுக்கு நம்ம நோட்டுப் புத்தகம் என்ன பண்ணும்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான சமாச்சாரம். நம்ம ஊர்ல பொறந்தநாள், திருமண நாள், திதின்னா பக்கத்துல இருக்குற அனாதை இல்லத்துல ஒரு வேளை சாப்பாடு போடுற பழக்கம் இருக்குல்ல, அதே நெனப்புல அங்கயும் போய் ஒரு ஆசிரமத்துல சாப்பாடு போட்டுட்டு, குழந்தைங்களோட போட்டோ எடுத்துட்டு வரலாம்னு கேக்குறவங்க இருக்காங்க. தயவு செஞ்சு வேணாம். 2005ல இருந்து 2010 வரைக்கும் அஞ்சு வருஷத்துல கம்போடியாவுல இந்த இல்லங்க எண்ணிக்கை 75 சதவீதம் கூடுச்சு. போர்க் காலம் முடிஞ்சு வருஷக்கணக்காகி, நாடு நிமிந்துட்டு வர்ற நேரத்துல அனாதைங்க எப்படி கூடுவாங்க? கூடுனது டூரிஸ்ட்டுங்க. 2011ல யுனிசெஃப் துணையோட நடந்த ஆய்வுல இல்லத்துல இருந்த நாலு குழந்தைல மூணு பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சுது. வீட்ல வறுமை, இல்லத்துல படிப்பும் இங்கிலீஷும் கிடைக்கும்னு நம்பி விட்டுட்டுப் போன குழந்தைங்க. வெளிநாட்டுக்காரங்க வந்து அழுதுட்டு காசு குடுக்கணும்னா குழந்தை கொஞ்சம் ஒல்லியாவே இருந்தாதான் வசதின்னு நெனக்கிற நிர்வாகிங்களும் இருந்திருக்காங்க. அப்புறம் அரசாங்கமே முழிச்சுக்கிட்டு, குழந்தைங்கள வீட்டுக்கு திருப்பி அனுப்புற வேலையை ஆரம்பிச்சுது. எல்லா இல்லமும் அப்படி இல்லதான், ஆனா முன்னாடி போகாம, மொழி தெரியாம, ஒரு மத்தியானம் வந்து போற ஆளு எப்படி பிரிச்சுப் பாப்பீங்க? ஒண்ணு சொல்றேன், வாசல்ல வந்து நின்ன யாரு என்னன்னு தெரியாத டூரிஸ்ட்டை உள்ள விட்டு குழந்தையை மடியில உக்கார வைக்குற இடம்னா அப்படியே திரும்பி வந்துருங்க. உங்க பசங்க ஸ்கூல்ல அப்படி விடுவாங்களா?

சரி, அப்ப குடுக்கவே கூடாதான்னு கேக்காதீங்க. நல்லா குடுங்க. காசா குடுங்க, பெரியவங்களுக்கு குடுங்க, கணக்கு வெச்சிருக்குற இடத்துல குடுங்க.

உங்களுக்கே தெரியாம ஒண்ணு குடுத்துருவீங்க. அங்கோர் டிக்கெட் ஒரு நாளைக்கு 37 டாலர், மூணு நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72, இந்த ஒவ்வொரு டிக்கெட்டுலயும் 2 டாலர் காந்தா போபா குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு போயிருது. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பியட் ரிக்னர்னு ஒரு சுவிஸ் குழந்தை டாக்டர், 1990கள்ல வந்து புனோம் பென்ல பாழாக் கிடந்த ஆஸ்பத்திரியை திரும்ப திறந்தார், சியம் ரீப்லயும் ஒண்ணு கட்டுனார். எல்லா வைத்தியமும் இலவசம். அவரே செல்லோ (பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம்) வாசிப்பார், சனிக்கிழமை சாயங்காலம் டூரிஸ்டுங்கள உக்கார வெச்சு பாக்ங்குற பழைய ஜெர்மன் இசையமைப்பாளரோட இசையை வாசிச்சு, நடுநடுவுல ஆஸ்பத்திரி கதை சொல்லி, கடைசியில வயசானவங்க காசு குடுங்க, சின்ன வயசுக்காரங்க ரத்தம் குடுங்கன்னு நேரடியாவே கேப்பார். 2018ல இறந்துட்டார், ஆஸ்பத்திரி ஓடிட்டிருக்கு. சியம் ரீப் கிளை பேரு ஏழாம் ஜெயவர்மன், தன் ராஜ்ஜியத்துல 102 ஆஸ்பத்திரி இருந்ததா தா ப்ரோம் கோயில் கல்வெட்டுல எழுதி வெச்ச அதே ராஜா. எங்க வீட்டுக்காரர் அங்க ரத்தம் குடுத்தார். டெங்கு சீசன்ல குழந்தைங்களுக்கு ரத்தம் ரொம்ப தேவைப்படும். லக்கேஜ் எடையும் ஏறாது பாருங்க.

கோயில் போற மர நிழல் பாதைல கண்ணிவெடில கால் போனவங்க, கண்ணு போனவங்க பாயில வரிசையா உக்காந்து நாட்டு வாத்தியம் வாசிச்சுட்டு இருப்பாங்க. அவங்க பக்கத்துல பல மொழில ஒரு போர்டு. அவங்க பிச்சை எடுக்கல, வாசிக்கிறாங்க, நின்னு ரெண்டு பாட்டு கேளுங்க, அப்புறம் போடுங்க. போற போக்குல எறியாதீங்க. கண்ணிவெடின்னதும் இன்னொண்ணு, அபோபோன்னு ஒரு அமைப்பு எலிக்கு மோப்பப் பயிற்சி குடுத்து வெடியை கண்டுபிடிக்க வைக்குது, சியம் ரீப்ல அவங்க மையத்துக்கு டிக்கெட் எடுத்துப் போய் பாக்கலாம். மகாவான்னு ஒரு எலிக்கு 2020ல தங்கப் பதக்கமே குடுத்தாங்க, நெஜமா. பசங்களுக்கு கோயில விட இதான் ஞாபகம் இருக்கும். சாயங்காலம் ஃபாரே சர்க்கஸ் போங்க, பத்தம்பாங்ங்குற ஊர்ல ஏழைப் பசங்களுக்கு கலை சொல்லித்தர்ற பள்ளில இருந்து வந்தவங்க ஆடுறது, டிக்கெட் காசு அந்தப் பள்ளிக்கு உதவுது. மிருகம் கிடையாது, எல்லாம் மனுஷங்க போடுற குட்டிக்கரணம்தான், எங்க நாத்தனார் வாயை மூடவே இல்ல.

கோயில்ல புத்த பிக்குகளுக்கு குடுக்கணும்னு ஆசைப்பட்டா ரெண்டு கையாலயும் குடுங்க, பொம்பளைங்க நேரா கையில குடுக்கக் கூடாது, முன்னாடி விரிச்ச துணில வெச்சா எடுத்துக்குவாங்க. செப்டம்பர் அக்டோபர்ல போறவங்களுக்கு பிச்சும் பென்னு ஒரு பதினஞ்சு நாள் விசேஷம் கிடைக்கும், முன்னோருக்காக விடியக்காலைல சோத்து உருண்டை போடுவாங்க, நம்ம மஹாளய பட்சம் வர்ற அதே சமயம். அப்ப உண்டியல்ல போடுறதும் சாப்பாடு கொண்டு போறதும் ஊர்க்காரங்க செய்யுறதோட சேந்ததுதான், யாரும் வேடிக்கை பாக்க மாட்டாங்க.

மிச்சம், துக்துக் (அந்த ஊர் ஆட்டோ) ஓட்டுற அண்ணனுக்கு. நாள் பூரா வெயில்ல நமக்காக காத்துக் கிடக்குறவர், பேசுன வாடகைக்கு மேல அஞ்சோ பத்தோ குடுங்க, மத்தியானம் கூட உக்கார வெச்சு சாப்பிடச் சொல்லுங்க. எங்களுக்கு வந்தவர்கிட்ட ஊர்ல இருந்து எடுத்துட்டு போன முறுக்கு பாக்கெட்டை பொண்ணுக்கு குடுங்கன்னு குடுத்தோம், மறுநாள் வந்து பொண்ணுக்கு தரல, நானே தின்னுட்டேன்னு சிரிச்சார். அன்பளிப்புன்னா இப்படி குடுக்கலாம், பழகுன ஆளு, பேரு தெரிஞ்ச ஆளு, திரும்ப நமக்கு ஒரு இளநி வாங்கித்தர்ற ஆளு. வாங்கித் தந்தார், காசு வாங்கவே இல்ல, நாங்களும் ரொம்ப வற்புறுத்தல.

ஒரு முக்கியமான விஷயம் விட்டுட்டேன். டாலர் நோட்டுல ஒரு சின்னக் கிழிசல் இருந்தாக்கூட அங்க வாங்க மாட்டாங்க, டிப்ஸா குடுத்தாலும் அந்தாளுக்கு அது செல்லாது. இங்க எக்ஸ்சேஞ்சுல வாங்கும்போதே ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிரிச்சுப் பாத்து வாங்குங்க, ஒரு டாலர், அஞ்சு டாலரா நிறைய கேளுங்க. அங்க மிச்சமா வர்ற ரியல் நோட்டையும் (அந்த ஊர் பணம்), சுமார் 4000 ரியல் ஒரு டாலர், ஊருக்கு எடுத்துட்டு வராதீங்க, இங்க மாத்தவே முடியாது. ஏர்போர்ட் கிளம்புறதுக்கு முன்னாடி ரூம் கிளீன் பண்ற அக்காகிட்ட நேர்ல குடுத்துருங்க, கட்டில் மேல வெச்சுட்டு வந்தா மறந்து வெச்சதுன்னு நெனச்சு ரிசப்ஷன்ல ஒப்படைச்சுருவாங்க.