ஜே-1 வெய்வர்: வடக்கு டகோட்டாவில் டாக்டர் ஆன கதை

ஜூனியர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் அமெரிக்க டாக்டர் லைசென்ஸுக்கான யூஎஸ்எம்எல்இ தேர்வு மதிப்பெண் பற்றித்தான். அதன் மூன்று ஸ்டெப்களையும் தாண்டி, ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியை முடித்து, மாநில லைசென்ஸும் வாங்கிய பிறகுகூட அமெரிக்காவில் வேலை பார்க்க முடியாமல் போகலாம் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஜே-1 விசாவில் மருத்துவப் பயிற்சிக்கு வந்தவர், முடித்ததும் 2 வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். ஜே-1இல் வரும் மற்றவர்கள் பலர் தூதரகத்தின் ஆட்சேபணையில்லாக் கடிதத்தை வைத்து இதிலிருந்து விலக்கு, அதாவது வெய்வர், கேட்கலாம். பயிற்சி டாக்டர்களுக்கு அந்த வழி கிடையாது. நம்மில் பலர் போகும் வழி கான்ராட் 30 என்ற வெய்வர் திட்டம். வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் முயற்சியில் 1994இல் வந்தது. மாநிலத்துக்கு வருடம் 20 பேர் என்றிருந்ததை 2002இல் 30 ஆக்கினார்கள். டாக்டர் பற்றாக்குறை என்று அரசு குறித்த இடத்தில் 3 வருடம், வாரம் 40 மணி நேரம் வேலை பார்க்கச் சம்மதித்தால் ஊர் திரும்பும் நிபந்தனை நீங்கும். பட்டிக்காடுதான் என்றில்லை, பெருநகரங்களின் ஏழைப் பகுதிகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

இடங்கள் அக்டோபர் 1, நிதியாண்டுக் கணக்கில் திறக்கும். சில மாநிலங்களில் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால் வேலை தேடுவதை ரெசிடென்சி இரண்டாம் வருடமே ஆரம்பித்தேன். முதலில் ஒப்பந்தம் அனுப்பிய மருத்துவமனை வேறொரு மாநிலத்தில். பெயர் வேண்டாம். நடுவில் விலகினால் பெருந்தொகை கட்ட வேண்டும், பிறகு சுற்றுவட்டாரத்தில் எங்கும் பிராக்டிஸ் செய்யக்கூடாது, ஆனால் அவர்கள் காரணம் சொல்லாமலே என்னை நீக்கலாம்! பல மாநிலங்கள் அந்த இரண்டாவது ஷரத்தை ஏற்பதே இல்லை. விசா பயத்தில் இவன் எதிலும் கையெழுத்துப் போடுவான் என்ற கணக்குதான். மருத்துவமனை ஏற்பாடு செய்யும் வக்கீல் அவர்களுடைய வக்கீல். சொந்தச் செலவில் ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், அந்தப் பணம் வீண் போகாது.

காகித வேலை நீளமே தவிரக் கஷ்டமில்லை. டிஎஸ்-3035 படிவம் நிரப்பினால் வெளியுறவுத் துறை ஒரு கேஸ் எண் தரும். மனுவின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த எண் இருக்க வேண்டும். கோப்பு மாநிலச் சுகாதாரத் துறையிலிருந்து வெளியுறவுத் துறைக்கும், பிறகு குடிவரவுத் துறைக்கும் போகும். அங்கே ஐ-612 என்ற வெய்வர் ஒப்புதல், அப்புறம் ஹெச்-1பி என்ற வேலை விசா. ஹெச்-1பிக்கு வழக்கமாக நடக்கும் குலுக்கல் லாட்டரி இதற்கு இல்லை. வெய்வர் வந்த 90 நாளுக்குள் வேலையில் சேர வேண்டும்.

என்னை உண்மையில் தூங்கவிடாமல் செய்தது லைசென்ஸ். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் எஃப்சிவிஎஸ், நாம் படித்த கல்லூரிக்கே எழுதிக் கேட்கும். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் அந்தப் படிவம் ஏதோ ஒரு கட்டுக்குள் கிடந்தது. மெயில் போட்டும் போன் செய்தும் நகரவில்லை. அப்பா திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறிப் போய், “சார், பையன் அங்க இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கான்” என்று மேசை முன்னால் நின்ற பிறகே முத்திரை விழுந்தது. அப்படிப் போய் நிற்க ஊரில் ஒருவரை இப்போதே சொல்லி வையுங்கள்.

கடைசியில் அந்த செனட்டரின் மாநிலத்திலேயே ஒரு சிற்றூர் கிடைத்தது. சம்பளத்தில் குறையில்லை, நோயாளிகள் அன்பானவர்கள். குளிர்காலம் பற்றிப் பேச வேண்டாம்.

கல்யாணமானவர்களுக்கு இன்னொன்று. ஜே-1காரரின் குடும்பத்துக்கான ஜே-2 விசாவில் இருந்தவரை என் மனைவி வேலை அனுமதி வாங்கி வேலை பார்த்தார். நான் ஹெச்-1பிக்கு மாறியதும் அவர் அதன் குடும்ப விசாவான ஹெச்-4க்கு மாறினார், அனுமதி போயிற்று. நிரந்தரமாகத் தங்கும் கிரீன் கார்டுக்காக வேலை கொடுப்பவர் போடும் ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வந்த பிறகுதான் மறுபடி விண்ணப்பிக்க முடிந்தது. ஆகவே சம்பளம் பேசும்போதே, கிரீன் கார்டு மனுவை எந்த மாதம் போடுவீர்கள் என்று கேட்டு அதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.