களியக்காவிளையில் வெள்ளைக்கோலும் வழிகாட்டி நாயும்

தமிழக, கேரள எல்லை ஊரான களியக்காவிளையில், பார்வையற்றோருக்கான வெள்ளைக்கோலுடன் நடமாடும் என்னிடம் "ஒரு வழிகாட்டி நாயை வைத்துக்கொள்ளலாமே" என்பவர்கள், போக வேண்டிய இடமும் நாய்க்கே தெரியும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் வழியை மனத்தில் வைத்துக்கொண்டு இடம், வலம் என்று கட்டளையிடுபவர் மனிதரே; நாய் தடைகளை விலக்கி நடத்தும், படியருகே நிற்கும், வண்டி வரும்போது "போ" என்றாலும் கீழ்ப்படிய மறுக்கும்.

சந்தைக் கடைகளின் முகப்பில் தொங்கும் ஏத்தன் வாழைக்குலைகளை என் கோல் கண்டுபிடிப்பதில்லை, நெற்றிதான் கண்டுபிடிக்கிறது. தன் தலைக்கு மேலுள்ள தடையையும் கணித்து ஆளைச் சுற்றி அழைத்துச் செல்லப் பழக்கப்பட்ட நாயின் அருமை எனக்கு அங்கேதான் விளங்குகிறது.

முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் இத்தகைய நாய்களுக்கான பள்ளி தொடங்கப்பட்டது. நூறாண்டு கடந்தும் இந்தியாவில் அவை மிக அரிது. கிடைத்தாலும், நண்பகல் தார்ச்சாலை அதன் பாதங்களைச் சுடும். அதைவிடப் பெரிய சிக்கல் தெருநாய்கள்: சேணம் பூட்டி வேலையில் இருக்கும் நாயை அவை குரைத்துச் சூழ்ந்துகொண்டால், அதன் கவனம் சிதறும், கைப்பிடியைப் பற்றியிருப்பவருக்குத் திசையும் தவறும். இந்தச் சிக்கல் தீராதவரை, நெற்றி வலித்தாலும், நான் கோலையே தேர்வேன்.