கேபினட்டுக்குள் அடங்குமா: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

வாடிக்கையாளர் தாமே பாகங்களைத் தேர்ந்தெடுத்துக் கணினியைக் கூட்டிக்கொள்ளும் பக்கம் ஒன்றை எங்கள் இணையக் கடையில் சேர்க்கும் வேலை இன்று என்னிடம் வந்தது. முதலாளி கொடுத்த ஸ்ப்ரெட்ஷீட்டில் 22 பிராசசர்களும் 31 மதர்போர்டுகளும் இருந்தன. எது எதனோடு சேரும் என்று கட்டத்துக்குக் கட்டம் 'ஆம்', 'இல்லை' என நிரப்பச் சொன்னார். இவ்விரண்டுக்கு மட்டுமே 682 கட்டங்கள் வருகின்றன. ரேம், கூலர் (பிராசசரின் சூட்டைத் தணிப்பது), கேபினட் (பாகங்கள் அடங்கும் பெட்டி), எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தருவது) என்று விரித்தால் அட்டவணையை நிரப்பி முடிப்பதற்குள் பாதிச் சரக்கு விற்றுத் தீர்ந்திருக்கும். ஆகவே ஜோடி அட்டவணையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்), சிப்செட் (போர்டிலுள்ள துணைச் சில்லு), ரேம் வகை, உயரம், நீளம் ஆகியவற்றைப் பதிந்து, அந்தக் குணங்களுக்கு இடையே விதி எழுதுவது என்று முடிவு செய்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

சாக்கெட் ஒன்றானால் போதும் என்ற நினைப்பு மதியத்துக்குள் கலைந்தது. ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4 ரேம், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 என்பது வரை சிக்கல் இல்லை. ஆனால் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. இரண்டு ரேமிலும் 288 பின்கள்தான் என்றாலும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று இறங்காது. எனவே ரேம் வகையைச் சாக்கெட்டிலிருந்து ஊகிக்காமல் போர்டின் குணமாகவே பதிந்தேன்.

பழைய போர்டைக் கையில் வைத்துக்கொண்டு பிராசசர் மட்டும் கேட்பவர்களுக்காக எல்ஜிஏ 1151ஐயும் சேர்க்க வேண்டியிருந்தது. இன்டெலின் 6, 7ஆம் தலைமுறையும் 8, 9ஆம் தலைமுறையும் அதே சாக்கெட் பெயரைத் தாங்கியிருந்தாலும், முன்னவை 100, 200 வரிசைச் சிப்செட்டிலும் பின்னவை 300 வரிசையிலும்தான் இயங்கும். சாக்கெட் விதிக்குக் கீழே சிப்செட் விதி ஒன்றும் எழுதினேன்.

மார்ச் 6, வியாழன்

பி450 போர்டும் 5000 வரிசையைச் சேர்ந்த ரைசன் 5 5600 பிராசசரும் சேருமா? சேரும்; ஆனால் பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) பழையதாக இருந்தால் கணினி உயிர்பெறாது. இதற்கு 'ஆம்' என்று எழுதினாலும் பொய், 'இல்லை' என்று எழுதினாலும் பொய். அசெம்பிள் மேசை அண்ணனிடம் கேட்டேன். "பெட்டி மேல ஸ்டிக்கர் இருக்கான்னு பாரு தம்பி, 5000 ரெடின்னு போட்டிருக்கும்" என்றார். அலமாரியில் பார்த்தால், ஒரே மாடலில் மூன்று பெட்டிகளில் ஸ்டிக்கர் இருந்தது, இரண்டில் இல்லை. ஆக, மாடலை மட்டும் பார்த்து விதி எழுத முடியாது. 'நிபந்தனையுடன் சேரும்' என்ற மூன்றாவது விடையை ஏற்படுத்தி, அந்த விடை வரும் ஆர்டர்களில் பயாஸ் அப்டேட் என்ற வரி கட்டணமின்றித் தானாகப் பில்லில் ஏறும்படி செய்தேன். இதற்கென்றே அண்ணன் தம் மேசை டிராயரில் பழைய ரைசன் 3 2200ஜி பிராசசர் ஒன்றைப் பஞ்சில் பொதிந்து வைத்திருக்கிறார். அதை மாட்டிப் போர்டை எழுப்பி, பயாஸை ஏற்றிவிட்டுக் கழற்றிவிடுவார்.

மார்ச் 10, திங்கள்

சனிக்கிழமை பக்கத்தைச் சோதனைக்காகத் திறந்திருந்தோம். இன்று காலை அண்ணன் கூப்பிட்டு, பாதி மூடிய கண்ணாடிக் கதவு ஒன்றைக் காட்டினார். கூலர் நாக்டுவா என்எச்-டி15, உயரம் 165 மி.மீ.; கேபினட் 160 மி.மீ. வரைதான் தாங்கும். ஐந்து மில்லிமீட்டரில் கதவு கூலர்மேல் உட்கார்ந்திருந்தது. விதியை நான் எழுதாமல் இல்லை. அந்தக் கேபினட்டின் உயர வரம்பு மட்டும் பதியப்படாமல் வெறுமையாகக் கிடந்தது. "உயரம் வரம்பை மீறினால் தடு" என்று எழுதியிருந்தேன். வரம்பே இல்லாத இடத்தில் மீறல் ஏது என்று நிரல் வாயிலைத் திறந்துவிட்டது. தவறு முழுக்க என்னுடையது.

விதிகள் அனைத்தையும் திருப்பி எழுதினேன். "உயரம் வரம்புக்குள் இருப்பது தெரிந்தால் மட்டுமே அனுமதி" என்று மாற்றியதும், கேபினட் பட்டியலில் பாதி மறைந்துபோயிற்று. முதலாளி பதறிவிட்டார். மாலை முழுவதும் அண்ணனும் நானும் ஓர் உதிரி போர்டைக் கேபினட் கேபினட்டாக மாட்டி, பிராசசரின் மேற்பரப்பிலிருந்து கதவு வரை அளந்து எழுதினோம். பதினொன்று முடிந்தன.

மார்ச் 12, புதன்

முன்பக்கத்தில் ரேடியேட்டர் (திரவக் கூலரின் சூட்டை வெளியேற்றும் பாகம்) மாட்டுபவர்களை நான் மறந்திருந்தேன். கேபினட் 330 மி.மீ. கிராபிக்ஸ் கார்டைத் தாங்கும், கார்டின் நீளம் 304, ரேடியேட்டருக்கும் முன்பக்கத்தில் இடமுண்டு. இரண்டிரண்டாகப் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் 27 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. விசிறியும் 52 மி.மீ. எடுத்துக்கொண்டபின் கார்டுக்கு மிஞ்சுவது 278 மட்டுமே. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் விதி இதுவே எனக்கு முதலாவது. தயாரிப்பாளர்களில் சிலர் முன் விசிறியைக் கழித்தும் சிலர் கழிக்காமலும் நீளத்தைத் தருவதால், 'விசிறியுடன்', 'விசிறியின்றி' என இரண்டு தனிக் கட்டங்கள் வைத்தேன்.

இந்தத் தலைவலி புதிதல்ல. 1978இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மட், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வேக்ஸ் கணினி ஆர்டர்களைச் சரிபார்க்க ஆர்1 என்ற நிரலை எழுதினார். பின்னர் எக்ஸ்கான் என்று பெயர் பெற்ற அதன் விதிகள் சில நூறிலிருந்து பல ஆயிரமாகப் பெருகின. என்னுடையவை இன்று 41.

மார்ச் 14, வெள்ளி

சேராத பொருளை மறைப்பதா, மங்கலாகக் காட்டுவதா என்று முதலாளியோடு ஒரு மணி நேரம் பேச்சு. மறைத்தால் கடையில் சரக்கே இல்லை என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்கிறார் என்பது என் வாதம். கடைசியில் மங்கலாகக் காட்டி, கீழே காரணத்தை ஒரே வரியில் எழுதுவதென்று முடிவாயிற்று: "இந்தக் கூலர் நீங்கள் தேர்ந்த கேபினட் தாங்கும் வரம்பைவிட 5 மி.மீ. உயரம்." பிராசசரைப் பின்னர் மாற்றினாலும் போர்டைச் சொல்லாமல் நீக்கிவிடாமல், சிவப்பில் காட்டி அவரையே மாற்றச் சொல்கிறோம்.

மின்சாரக் கணக்கு தனி. ஐ9-14900கே பிராசசரின் அடிப்படை மின்னளவு 125 வாட்; உச்ச வேகத்தில் அது 253 வரை போகும். எஸ்எம்பிஎஸ் விதி 253ஐத்தான் எடுக்கிறது. 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசசரைக் கார்டு இல்லாமல் எடுத்தால் தடுக்கவில்லை, திரையில் படம் வராது என்று எச்சரிப்பதோடு விட்டோம். கார்டு அவர் வீட்டிலேயே இருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

புதிதாக வந்த நான்கு கேபினட்டுகளை அண்ணனே பதிந்திருக்கிறார். மூன்றில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. நான்காவதில் கூலர் உயரத்துக்கு எதிரே, பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் போடாமல், "இன்னும் அளக்கல" என்று எழுதி வைத்திருந்தார். அந்தக் கேபினட் இதுவரை பக்கத்தில் தோன்றவில்லை. நாளைக் காலை அளவுகோலோடு அதைப் பிரிக்க வேண்டும்.