பழுப்பு நீரின் விளிம்பில்

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ண வேண்டும். அந்தக் கோடையில் எனக்குத் தரப்பட்ட வேலை அதுதான். பனியாற்றின் முகப்பிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி ஒரு சிறு படகு நிற்கும். நான் கனத்த மிதவை உடையில் அமர்ந்து, பைனாகுலரை இடமிருந்து வலமாக நகர்த்தி, நீர்ப்பரப்பில் இரை தேடும் பறவைகளை இனவாரியாக எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவேன். கை விறைக்கும். பேனா மை உறைந்துவிடும் என்பதால் பென்சில்தான்.

இடம், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்குக் கரையில் உள்ள கோங்ஸ்ஃபியோர்டன் என்ற ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல். ஏறக்குறைய 79 பாகை வடக்கு. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை அங்கே சூரியன் மறைவதில்லை. அதனால் நள்ளிரவுக்கும் ஒரு வரிசை எண்ணிக்கை உண்டு. ஃபியோர்டின் கரையிலுள்ள நை ஆலசுண்ட் முழுக்க முழுக்க ஆய்வு நிலையங்களால் ஆன சிற்றூர். 2008இல் திறக்கப்பட்ட இந்தியாவின் ஹிமாத்ரியும் அங்கேதான் இருக்கிறது. நுண்ணிய வானொலி அளவீடுகள் கெடக்கூடாது என்பதற்காக அங்கே வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் அணைத்து வைக்க வேண்டும். அந்த அமைதி கண்களைக் கூர்மையாக்கியது என்றே நம்புகிறேன்.

ஃபியோர்டின் உட்கோடியில் க்ரோனெப்ரீன் என்ற பனியாறு நேராகக் கடலில் வந்து முடிகிறது. நீலமும் வெண்மையும் கலந்த அந்தச் சுவரின் அடியில் ஓரிடத்தில் மட்டும் நீர் செம்மண் கரைத்தாற்போலப் பழுப்பாக இருக்கும். பறவைகள் அங்கேதான் கூடும். பெரும்பாலும் கிட்டிவேக்குகள்: சாம்பல் முதுகும் மஞ்சள் அலகும் கரிய கால்களும் கொண்ட சிறிய கடற்காகங்கள். இடையிடையே ஆர்க்டிக் ஆலாக்களும் விறைத்த சிறகோடு வழுக்கிச் செல்லும் ஃபுல்மர்களும் தென்படும். பனிச்சுவரிலிருந்து ஒரு துண்டு உடைந்து விழுந்தால் இடி போல ஓசை எழும், கூட்டம் முழுவதும் வெண்மையாக மேலெழும்பும், இரண்டே நிமிடத்தில் அதே இடத்தில் இறங்கிவிடும். அந்த இரண்டு நிமிடம் எண்ணக் கூடாது. எண்ணினால் ஒரே பறவை இரண்டாகிவிடும்.

தெளிந்த நீரை விட்டுச் சேற்று நீரில் ஏன் இரை தேடுகின்றன? முதல் வாரம் முழுவதும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை நீருக்கு அடியில் இருந்தது. கோடையில் பனியாற்றின் மேற்பரப்பில் உருகும் நீர், பிளவுகளிலும் செங்குத்துத் துளைகளிலும் இறங்கி அடித்தளம் வரை போகிறது. பாறையை அரைத்த வண்டலையும் அள்ளிக்கொண்டு, கடல்மட்டத்துக்குக் கீழே, பனியாற்றின் அடிவாயில் வழியாகக் கடலுக்குள் பாய்கிறது. நன்னீர் உப்புநீரைவிட லேசானது. ஆகவே பனிச்சுவரை ஒட்டியே பொங்கி மேலே வருகிறது. வரும் வழியில் சுற்றியுள்ள ஆழ்கடல் நீரை, தன் அளவைப்போலப் பல மடங்கு, இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த நீரோடு இறால் போன்ற சிற்றுயிர்களான கிரில்களும் அவற்றைவிட நுண்ணிய கோப்பிபாட்களும் மேலே தூக்கி எறியப்படுகின்றன. உப்பு திடீரென்று குறைவதைத் தாங்க முடியாமல் அவற்றில் பல மயங்குகின்றன, சில இறந்தும் போகின்றன.

கிட்டிவேக்கால் ஆழமாக மூழ்க முடியாது. மேற்பரப்பில் கொத்தவும், சற்றே முங்கி எடுக்கவும்தான் அதற்குத் தெரியும். கீழே எவ்வளவு உணவு இருந்தாலும் அதற்குப் பயனில்லை. பனியாறு அந்த உணவை மேலே கொண்டுவந்து கொடுக்கிறது. ஒருநாள் பழுப்பு நீரின் விளிம்பில் வலை இழுத்து, பிடித்ததை வாளியில் கொட்டினோம். கிரில்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன, கால்கள் மட்டும் லேசாகத் துடித்தன. அதுவரை நான் படித்து வைத்திருந்ததெல்லாம் அந்த வாளியைப் பார்த்தபோதுதான் எனக்குள் உண்மையாயிற்று. ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வந்த பறவை ஆய்வாளர்கள் 1930களிலேயே இந்தப் பழுப்பு நீரையும் அதில் கூடும் பறவைகளையும் பதிவு செய்திருக்கிறார்கள். கருவிகள் அதிகம் இல்லாத காலத்தில் கண்ணை மட்டும் நம்பி அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது.

ஜூலையில் மூன்று நாள் கடும் குளிர் அடித்தது. உருகல் குறைந்தது. பழுப்புத் திட்டு வெளிறி, கடைசியில் காணாமல் போயிற்று. பறவைகளும் இல்லை. நான் குறிப்பேட்டில் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தேன். மாலையில் தாள்களைப் பார்த்த குழுத்தலைவர் பென்சிலை என் கையில் திரும்பக் கொடுத்தார்.

"வெற்றிடம் என்றால் நீங்கள் பார்க்கவில்லை என்று பொருள். பார்த்தீர்கள், பறவை இல்லை. அப்படியானால் பூஜ்யம் எழுதுங்கள்."

ஒவ்வொரு கட்டத்திலும் பூஜ்யம் எழுதினேன். அன்று முதல் பூஜ்யம் எழுதும்போதுதான் நான் அதிகக் கவனத்தோடு இருந்தேன். இல்லை என்று சொல்ல, இருக்கிறது என்று சொல்வதைவிட நெடுநேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான்காம் நாள் மழை பெய்தது. நாங்கள் பழைய இடத்துக்கே படகைத் திருப்பினோம். படகோட்டி மட்டும் வேகத்தைக் குறைத்து வடக்கே கை நீட்டினார். வழக்கமான இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, முகப்பின் வேறொரு மூலையில், நூற்றுக்கணக்கான கிட்டிவேக்குகள் சுழன்றுகொண்டிருந்தன. நீரில் நிறம் இன்னும் முழுதாக ஏறவில்லை. பனிக்கு அடியில் நீர் தன் வழியை மாற்றிக்கொண்டிருக்கிறது என்று அவை எங்களுக்கு முன்பே கண்டுகொண்டன. உப்புத்தன்மை அளக்கும் கருவியைப் பறவைகள் இருந்த இடத்தில் இறக்கினோம். மேற்பரப்பு உப்பு குறைந்தே இருந்தது.

இதே ஃபியோர்டில் புளோம்ஸ்ட்ரான்ட்ஹால்வோயா என்றொரு நிலம் உண்டு. பெயரின் கடைசிப் பகுதிக்குத் தீபகற்பம் என்று பொருள். ஆனால் இன்று அது தீவு. பெருநிலத்தோடு அதை இணைத்திருந்தது பனியாறு. பனியாறு பின்வாங்கியபோது நடுவில் கடல் புகுந்துவிட்டது. வரைபடத்தில் பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது.

பனி கூடுதலாக உருகினால் பறவைகளுக்கு நல்லதுதானே என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி என்னை வருத்துகிறது. அடிவாய் கடலுக்குள் இருக்கும் வரைதான் இந்த விருந்து. பனியாறு பின்வாங்கித் தரையேறிவிட்டால், உருகிய நீர் ஓடையாக வந்து கடலின் மேற்பரப்பில் பரவும். நிறம் அதே பழுப்புதான். ஆனால் ஆழத்திலிருந்து எதையும் தூக்கி வராது. தரையில் முடியும் ஒரு பனியாற்றின் ஓடைவாயிலில் ஒரு பிற்பகல் முழுவதும் எண்ணினேன். இரண்டு ஆலாக்கள் கடந்து போயின. மற்றவை பூஜ்யம். கிட்டிவேக்கை 2017 முதல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பாறைமுகட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டிவிட்டு மீண்டும் பனிச்சுவரை நோக்கிப் பறக்கும் ஒரு பறவையை ஒருமுறை பார்த்தவருக்கு அந்தப் பட்டியல் வெறும் பட்டியலாகத் தெரியாது.

ஆகஸ்டில் கடைசியாக ஒருமுறை க்ரோனெப்ரீனுக்குப் போனோம். பழுப்பு நீரில் சில கிட்டிவேக்குகள் வேறுவிதமாக இருந்தன. கழுத்தில் கரிய பட்டை, சிறகுகளில் கறுப்புக் கோடுகள். அந்தக் கோடையில் கூட்டை விட்டு இறங்கிய இளம் பறவைகள். ஒன்று தாழ்ந்து வந்து நீரைக் கொத்தியது, தவறவிட்டது, மறுபடி எழும்பி வட்டமடித்து அதே இடத்துக்கு வந்தது. மூன்றாம் முறை அதன் அலகில் ஏதோ மின்னியது. நான் தாளில் புதிதாக ஒரு கோடு கிழித்து, இளையவை என்று தலைப்பிட்டு, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.