மேட்டின் தலைவரிசை

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் பின்னால் உள்ள சமூகத் தோட்டம் நடைபாதையை நோக்கிச் சரியும் ஒரு சிறு மேட்டில் அமைந்திருக்கிறது. சென்ற ஆண்டு அங்கே நாங்கள் வெட்டிய நான்கு படிப்பாத்திகளும் ஒரே பிற்பகல் மழையில் உடைந்தன. செம்மண் குழம்பு நடைபாதையெங்கும் பரவியிருக்க, கத்தரி நாற்றுகள் வடிகால் கம்பிகளில் சிக்கிக் கிடந்தன.

தவறு என்னுடையது. மேடு வளைந்து செல்வதைக் கவனியாமல், கயிறு கட்டி நேர்கோட்டில் பாத்தி வெட்டச் சொன்னவன் நான்தான். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் கொல்லிமலைத் தம்பி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "கயிறு நேராத்தான் போகும் அண்ணே, தண்ணி அப்படிப் போகாதே" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கொண்டுவந்தது தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரியும் நீண்ட பிளாஸ்டிக் குழாய் மட்டுமே. கொத்தனார்கள் டியூப் லெவல் என்பார்களே, அதுதான். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நின்ற இடங்களில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனபோது, கோடு நான் நினைத்ததைவிட மிகவும் வளைந்தது.

இம்முறை மேல்மண்ணைத் தனியே அள்ளிக் குவித்துவைத்து, அடிமண்ணை வெட்டிப் படியாக்கிய பிறகே அதை மீண்டும் பரப்பினோம். படிகள் வெளிப்புறம் சரியாமல் மேட்டின் பக்கமே சற்றுத் தாழ்ந்திருந்ததால், நீர் விளிம்பைத் தாண்டி ஓடாமல் உட்பக்கம் தேங்கி ஊறியது. விளிம்புகளில் வெட்டிவேர்த் தூர்களை நெருக்கமாக நட்டோம். அதன் வேர் பக்கவாட்டில் படராமல் ஆழமாக இறங்குவதால் பயிரோடு போட்டியிடாது. (ஆங்கிலத்திலும் அதன் பெயர் தமிழிலிருந்து போனதுதான்.)

சிக்கல் எழுந்தது மேட்டின் உச்சியிலுள்ள தலைவரிசையில். மிகவும் செங்குத்தான அந்த இடத்தில் பயிரே வேண்டாம், புல்லும் புதருமே போதும் என்பது என் கருத்து. ஆனால், அங்கே பாத்தி வைத்திருந்தவர்கள் இருவர்; அவர்களுக்கு ஈடாக என்ன கொடுப்பது? காற்று கொண்டுவந்து குவித்த மென்மண்ணாலான சீனாவின் லோயஸ் மேட்டுநிலத்தில் உலக வங்கியின் உதவியோடு 1994இல் தொடங்கிய சீரமைப்புப் பணியைப் பற்றிப் பேசுவோர் அகன்ற படிவயல்களையே புகழ்கிறார்கள். 1999இல் தொடங்கிய மற்றொரு திட்டம் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் உழவை நிறுத்தி, அந்நிலங்களை மரத்துக்கும் புல்லுக்கும் திருப்பியது; நிலத்தை விட்டவர்களுக்கு அரசு தானியமும் பணமும் கொடுத்தது. அந்தத் தானியம்தான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. சிங்கப்பூரின் குன்றுகளில் 19ஆம் நூற்றாண்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது: தோல் பதனிடப் பயன்படும் கேம்பியர் என்ற செடியைப் பயிரிடக் காட்டை அழித்தார்கள், அதன் இலையைக் காய்ச்ச விறகுக்காக மேலும் அழித்தார்கள், மண் சோர்ந்ததும் லாலாங் என்னும் களைப்புல்லுக்கு விட்டுவிட்டு நகர்ந்தார்கள். காப்புக்காடுகளை ஒதுக்க வழிவகுத்த அறிக்கை 1883இல்தான் வந்தது.

எங்களிடம் தானியம் இல்லை. ஆகவே, கீழ்ப்படிகளில் இருந்த ஆறு பேரும் ஆளுக்கு ஒரு முழம் குறைத்துக்கொண்டு அவ்விருவருக்கும் இடம் கொடுத்தோம். கறிவேப்பிலைக் கன்றை இடம் மாற்ற மனமில்லாத அக்கா மூன்று வாரம் என்னுடன் பேசவில்லை; இப்போது அது இரண்டாம் படியில் துளிர்த்திருக்கிறது.

சென்ற ஜனவரியின் தொடர்மழையில் ஓரிடம் மட்டும் சரிந்தது. தூர் போதாமல் நாங்கள் ஒரு முழம் இடைவெளி விட்டிருந்த மூன்றாம் படியின் மூலை அது.